வரி முறியும் இடம்

முழுக் கதையையும் கவிதைகளாகவே சொல்லும் நாவல்தான் கவிதை நாவல். இளையோருக்கான கவிதை நாவல் என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "உரைநடையை மடக்கி மடக்கிப் போட்டிருக்காங்க, அவ்வளவுதானே?" புதுக்கவிதை வந்த புதிதில் தமிழில் எழுந்த அதே கேள்விதான். இப்போது 300 பக்க நாவலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ரசனை இல்லாதவர்களின் கேள்வி என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. இந்த வகைப் புத்தகங்களை வரிசையாகப் படித்தவர்களுக்குத் தெரியும், கேட்பவர் பாதி நேரம் சரியாகத்தான் கேட்கிறார். வரிகளைச் சேர்த்து எழுதிப் பார்த்தால் ஒரு இழைகூட அறுந்துபோகாத பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அவை உண்மையிலேயே மடக்கிப் போட்ட உரைநடைதான். மீதிப் பாதியில் என்ன நடக்கிறது என்பதுதான் நின்று பார்க்க வேண்டிய இடம்.

இந்த வடிவத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான வர்ஜீனியா யூவர் வுல்ஃபே தன் எழுத்தைக் கவிதை என்று சொல்லிக்கொள்ளத் தயங்கியவர். 1993இல் வந்த அவருடைய 'மேக் லெமனேட்' நாவலில், 14 வயது லவான் கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டி, இரண்டு குழந்தைகளோடு தனியாகத் திண்டாடும் ஓர் இளம் தாயின் வீட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போகிறாள். வரிகள் அவள் பேச்சின் போக்கில் முறிகின்றன. எதுகை மோனை இல்லை, உவமை அலங்காரமும் அதிகம் இல்லை. அதன் அடுத்த பாகமான 'ட்ரூ பிலீவர்' 2001இல் அமெரிக்க தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வாங்கியது. எழுதியவரே பெயர் சூட்டத் தயங்கும் ஒரு வடிவத்தைக் "கவிதையா, இல்லையா" என்ற தராசில் நிறுத்துவதில் பயன் இல்லை. "இந்த வரி இங்கே முறிந்ததால் கதையில் எது நடந்தது?" என்று கேட்டால் வேறு ஒரு வாசல் திறக்கிறது.

ஒரு வாளி மண்ணெண்ணெய்

கேரன் ஹெஸ் 1997இல் எழுதிய 'அவுட் ஆஃப் த டஸ்ட்' இந்தக் கேள்விக்கு நல்ல உரைகல். 1934 குளிர்காலத்தில் தொடங்கி 1935 இலையுதிர்காலத்தில் முடியும் கதை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் புழுதிப் புயல் வயல்களைத் தின்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பில்லி ஜோ என்ற 14 வயதுப் பெண், பியானோ வாசிப்பவள், நாட்குறிப்பு போலத் தேதி வைத்த கவிதைகளில் பேசுகிறாள். அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1998இல் பெற்ற நூல் இது.

நாவலின் நடுக்கூறு ஒரு விபத்து. அப்பா மண்ணெண்ணெய் வாளியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். தண்ணீர் என்று நினைத்து அம்மா அதைக் காபிக்கு ஊற்றுகிறாள். தீ பிடிக்கிறது, அம்மா வெளியே ஓடுகிறாள். வீடு எரிந்துவிடும் என்று பில்லி ஜோ அந்த வாளியைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிகிறாள். அதே நொடியில் அம்மா திரும்பி உள்ளே வந்துகொண்டிருக்கிறாள். அம்மா நிறைமாதம். பிறகு தாயும் இல்லை, பிறந்த தம்பியும் இல்லை. பில்லி ஜோவின் கைகளும் வெந்துபோகின்றன. பியானோ வாசிக்கும் கைகள்.

இதை ஹெஸ் எழுதியிருக்கும் முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கவிதை தொடங்கும்போதே தனக்குக் காயம் பட்டுவிட்டது என்று இரண்டு மூன்று சொற்களில் சொல்லிவிடுகிறாள் அந்தப் பெண். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டதால், அடுத்து வரும் ஒவ்வொரு வரியிலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. வாளியை வைத்தது ஒரு வரி. தண்ணீர் என்று நினைத்தது ஒரு வரி. தூக்கியது ஒரு வரி. ஊற்றியது ஒரு வரி. ஒரு வரிக்கு ஒரு செயல், அதற்கு மேல் கிடையாது. அழுகை இல்லை, "ஐயோ" இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் மட்டும்தான் சொல்ல முடிகிறது அவளால். அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளைகள் பேசுவது இப்படித்தான். இதையே உரைநடைப் பத்தியாகச் சேர்த்தால் காற்புள்ளிகள் நிறைந்த ஒரு வேகமான வாக்கியம் கிடைக்கும். வேகம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் இருக்கும் நிறுத்தம், "இங்கேயாவது நின்றிருக்கலாமே" என்று படிப்பவர் மனம் தடுக்கப் பார்க்கும் அந்த நிறுத்தம், இருக்காது. வரி முறிந்த இடமெல்லாம் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடிய இடம்.

பிறகு நடப்பது இன்னும் நுட்பமானது. சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் வேலை செய்துகொண்டே பேசுகிறார்கள். பில்லி ஜோ வாளியை எறிந்தாள் என்கிறார்கள். வாளியை அங்கே வைத்தது யார் என்ற பேச்சே வரவில்லை. மகளும் அப்பாவும் அதன் பிறகு ஒரே வீட்டில் பேசாமல் வாழும் மாதங்கள்தான் நாவலின் மறுபாதி. குற்றம் யாருடையது என்ற விவாதத்தை ஹெஸ் விரித்து எழுதவில்லை. கவிதைக்கும் கவிதைக்கும் நடுவே உள்ள வெள்ளைத் தாளில் அது கிடக்கிறது. உரைநடை நாவலாசிரியர் ஒருவர் அந்த மௌனத்தை விளக்கியாக வேண்டும், குறைந்தது அப்பாவும் மகளும் சாப்பிட உட்காரும் ஒரு காட்சியையாவது எழுதியாக வேண்டும். கவிதை நாவல் அடுத்த பக்கத்தைத் திருப்பி, வேறு தேதி போட்டு, மழை வரவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம்.

நம் பக்கத்து முன்னோர் யார்?

கவிதை நாவல் என்றதும் "நம்மிடம் ஐம்பெருங்காப்பியம் இருக்கிறதே" என்போம். பாதி சரி. 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்வது ஏறக்குறைய இந்த வடிவத்துக்கு எழுதிய விளக்கம் போலவே இருக்கிறது. ஆனால் காப்பியத்தில் கதையை வெளியிலிருந்து ஒருவர் சொல்கிறார். நகரம், விழா, அரசவை என்று அவர் கண் விரிந்துகொண்டே போகும். இளையோர் கவிதை நாவலில் பெரும்பாலும் ஒரே ஒரு வாய், அதுவும் அந்த நொடியில் பேசும் வாய். அதற்கு நெருங்கிய உறவு அகப்பாடல்தான் என்பது என் முடிவு.

குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4 முதல் 8 அடி. ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒரே ஒரு கணம். முன்கதையும் பின்கதையும் பாட்டுக்குள் இல்லை. 'தலைவி தோழிக்குச் சொன்னது', 'வரைவு நீட்டித்தவழி' (திருமணம் தள்ளிப்போனபோது) என்று ஒட்டியிருக்கும் கூற்றுக் குறிப்புதான் நம்மை எங்கே நிற்கிறோம் என்று நிறுத்தி வைக்கிறது. கவிதை நாவலில் ஒவ்வொரு கவிதையின் தலைப்பும் இதே வேலையைச் செய்கிறது. இடம், நேரம், யார் பேசுகிறார், எதற்குப் பிறகு என்ற சுமையைத் தலைப்பில் இறக்கிவிட்டால்தான் கவிதை முதல் வரியிலேயே உணர்வுக்குள் நுழைய முடியும். 'மருத்துவமனை, இரவு 2 மணி' என்று தலைப்பு இருந்தால் உள்ளே மருத்துவமனையைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை. தலைப்பை அழகுக்கு வைக்கும் எழுத்தாளர்கள், அந்தத் தகவலைக் கவிதைக்குள் திணித்துக் கெடுக்கிறார்கள்.

தொடர்ச்சிக்கும் நம்மிடம் பாடம் உண்டு. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய 'அன்னாய் வாழிப் பத்து' பத்துப் பாடல்களிலும் "அன்னாய் வாழி வேண்டு அன்னை" என்றே தொடங்குகிறது. ஒரே விளி, ஒவ்வொரு முறையும் வேறு நிலைமை. பத்தாவது முறை கேட்கும்போது அந்த விளிக்குள் முந்தைய ஒன்பதும் சேர்ந்துவிடும். கவிதை நாவலில் திரும்பத் திரும்ப வரும் தொடரும் இதே கணக்கில்தான் பலன் தரும். சொல் மாறக் கூடாது, சூழல் மாற வேண்டும்.

காப்பியத்திலேயே ஓர் இடம் மட்டும் இந்த வடிவத்தோடு நேராகக் கை குலுக்குகிறது: கானல்வரி. கோவலன் பாடுகிறான், அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். அவளும் வேறொருவனை நினைத்தவள் போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். கதையின் மிகப் பெரிய திருப்பம் முழுக்கப் பாட்டுகளுக்குள், பாட்டைத் தப்பாகக் கேட்டதில் நடக்கிறது. பாட்டை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்ல முடியாது. கவிதை நாவலில் கவிதைக்கு இந்த இடம் கிடைத்துவிட்டால், "மடக்கிப் போட்ட உரைநடை" என்ற குற்றச்சாட்டு தானாக விழுந்துவிடும்.

தமிழில் வரியை எங்கே முறிப்பது

ஆங்கில நூல்களைப் படித்துவிட்டுத் தமிழில் எழுத உட்காருபவர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடும். என்ன நடந்தது என்பது தெரிந்த பிறகு, எதை, எங்கே, எப்படி என்று வரி வரியாகத் திறக்கலாம். தமிழில் வினை கடைசியில். நடந்ததா நடக்கவில்லையா என்பதே கடைசிச் சொல்லின் விகுதியில்தான் தெரியும். இது தடை மாதிரித் தோன்றும். சரியாகப் பிடித்தால் தமிழுக்கு வாய்த்த வரம்.

ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்க்கலாம். உரைநடையில்: "ராத்திரி அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது படியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. அம்மா கேட்டபோது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை." இதை அப்படியே மடக்கினால்:

ராத்திரி அண்ணன்
வீட்டுக்கு வரவில்லை.
காலையில் கதவைத்
திறந்தபோது
படியில் அவனுடைய
ஒற்றைச் செருப்பு மட்டும்
கிடந்தது.

இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சேர்த்தாலும் பிரித்தாலும் ஒரே செய்தி, ஒரே வரிசை. இன்னொரு கோளாறும் இருக்கிறது. 'கதவைத்' என்று ஒற்றோடு வரி முடிகிறது. அந்த 'த்' நாக்கை அடுத்த வரிக்கு இழுத்துவிடும். கண் நிற்கிறது, வாய் நிற்க மாட்டேன் என்கிறது. வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடத்தில் ஒற்றோடு முறிப்பது நல்லது. நிறுத்த வேண்டிய இடத்தில் அது துரோகம் செய்யும். பிழை திருத்துபவரிடம் "இந்த ஒற்றை எடுத்துவிடுங்கள்" என்று மன்றாடுவதைவிட, நிறுத்தம் வேண்டிய வரியை ஒற்று மிகாத சொல்லில் முடியும்படி மாற்றி எழுதுவதே வழி.

இப்போது வரியை நம்பி எழுதினால்:

காலையில்
படியில் அண்ணன் செருப்பு.

ஒன்று.

"வந்துட்டானா?" என்றாள் அம்மா
உள்ளேயிருந்து.

செருப்பை எடுத்துப்
பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு
வந்துட்டான்
என்று சொல்ல
வாய் திறந்தேன்.

'படியில் அண்ணன் செருப்பு' என்ற வரியில் அண்ணன் வந்துவிட்டான் என்று படிப்பவருக்கு நிம்மதி. ஒரு வெற்று வரி தாண்டி 'ஒன்று' என்ற ஒற்றைச் சொல் அந்த நிம்மதியைப் பறிக்கிறது. ராத்திரி அவன் வரவில்லை என்ற தகவலை யாரும் சொல்லவில்லை. அம்மாவின் கேள்வியில் தானாக வந்துவிட்டது. கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள். 'வந்துட்டான்' என்பது தனி வரியில் வரும்போது அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டாள் என்றே காது கேட்கும். 'என்று சொல்ல' வந்ததும் அது சொல்லப்போன சொல்லாக இறங்கிவிடுகிறது. 'வாய் திறந்தேன்' என்றதும் சொன்னாளா இல்லையா என்பதே தொங்கலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட இடத்தில் 'சொல்ல' என்பது முன்னால் வந்து, வரப்போவது பேச்சு என்று அறிவித்துவிடும். தமிழின் 'என்று' பின்னால் வருகிறது. முதலில் உண்மையாகக் கேட்ட சொல்லை, அடுத்த வரியில் நினைப்பாகவோ பொய்யாகவோ வதந்தியாகவோ மாற்றும் வல்லமை அதற்கு உண்டு. பொய்யும் மறைப்பும் பயமும் நிறைந்த பதின்வயதுக் கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஆங்கிலத்தில் கிடைப்பது கடினம்.

இதே துண்டில் இன்னொன்றும் இருக்கிறது. 'வந்துட்டானா' என்பது பேச்சுத்தமிழ், 'வாய் திறந்தேன்' எழுத்துத்தமிழ். நாவல் முழுக்க எந்தத் தமிழ் என்ற முடிவை முதல் கவிதை எழுதும் முன்பே எடுத்துவிட வேண்டும். கதை சொல்லும் பிள்ளையே பேச்சுத்தமிழில் பேசினால் நெருக்கம் கூடும். ஆனால் 200 பக்கத்துக்கு அதைத் தாங்குவது கண்ணுக்குச் சிரமம், வட்டார வழக்கில் ஒரு சொல் பிசகினாலும் குரல் பொய்யாகிவிடும். நடையை எளிய எழுத்துத்தமிழில் வைத்து, பேச்சை மட்டும் பேச்சாக விட்டால் ஒரு லாபம் கிடைக்கிறது: 'என்றான்', 'என்றாள்' பாதிக்கு மேல் தேவைப்படாது. 'வாடா' என்பவர் யார், 'வாங்க' என்பவர் யார், 'வா கண்ணு' என்பவர் யார் என்று விகுதியே சொல்லிவிடும்.

வடிவமே கதையாகும்போது

வரிக்கு மேலே இன்னொரு தளம் இருக்கிறது, நூலின் அமைப்பு. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' 2017இல் வந்தது. அண்ணனைச் சுட்டுக் கொன்றவன் என்று தான் நம்பும் ஒருவனைப் பழிவாங்க, இடுப்பில் துப்பாக்கியோடு 15 வயது வில் லிஃப்டில் ஏறுகிறான். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கிறது, இறந்துபோன ஒருவர் உள்ளே வருகிறார். தளத்தின் எண்ணும் நேரமும் பக்கத்தில் பதிவாகிக்கொண்டே வருகின்றன. லிஃப்ட் கீழே இறங்க ஆகும் ஒரு நிமிடச் சொச்சம்தான் 300 பக்கத்தைத் தாண்டிய நாவலின் பெரும்பகுதி. குறுகிய வரிகள், மேலிருந்து கீழே விழும் கண், கீழே இறங்கும் பெட்டி எல்லாம் ஒரே இயக்கமாகிவிடுகின்றன. இந்தக் கதையை அகலமான பத்திகளில் எழுதினால் லிஃப்ட் நின்றுவிடும்.

ஹெலன் ஃப்ராஸ்ட் வேறு கோடிக்குப் போகிறவர். 'கீஷாஸ் ஹவுஸ்' நாவலில் பிள்ளைகள் பேசும்போது ஆறு ஈற்றுச் சொற்கள் சுழன்று சுழன்று வரும் செஸ்டினா வடிவம், பெரியவர்கள் பேசும்போது 14 வரி சானெட். சிக்கலிலிருந்து வெளியேற முடியாமல் அதே ஆறு சொல்லுக்குள் சுற்றி வரும் பிள்ளைகளுக்கு அந்த வடிவம் சிறையாகவே பொருந்துகிறது. 'டைமண்ட் வில்லோ'வில் கவிதைகள் வைர வடிவத்தில் இருக்கும், நடுவே சில சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில். அவற்றை மட்டும் கோத்தால் பேசும் பெண் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வாக்கியம் தெரியும். வைர வில்லோ மரத்தில் கிளை உதிர்ந்த தழும்பைச் சுற்றித்தான் வைரம் உண்டாகிறது, நடுவே கருமை. வடிவம் அங்கிருந்தே வந்தது. எலன் ஹாப்கின்ஸும் போதைப் பழக்கத்தைப் பற்றிய 'கிராங்க்' நாவலில் ஓரமாக ஒதுக்கிய சொற்களை மட்டும் தனியே படிக்கும் வித்தையைச் செய்கிறார். என் பார்வையில் ஃப்ராஸ்டிடம் இது தேவையிலிருந்து பிறக்கிறது. ஹாப்கின்ஸிடம் சில பக்கங்களில் வித்தை முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

எலிசபெத் அசெவெடோவின் 'த போயட் எக்ஸ்' 2018இல் வந்து, தேசியப் புத்தக விருதையும் அடுத்த ஆண்டு பிரிட்டனின் கார்னகி பதக்கத்தையும் வாங்கியது. அதில் சியோமாரா பள்ளிக் கட்டுரைக்கு எழுதும் முதல் வரைவும், ஆசிரியரிடம் கொடுக்கும் இறுதிப் படியும் அடுத்தடுத்து வரும். முதல் வரைவில் உண்மை, இறுதிப் படியில் நல்ல பிள்ளைத்தனம். இரண்டுக்கும் நடுவில் அவள் எதையெல்லாம் விழுங்கினாள் என்பதைப் படிப்பவரே அளந்துகொள்கிறார். க்வாமி அலெக்சாண்டரின் 'த கிராஸ்ஓவர்' கூடைப்பந்து ஆட்டத்தின் கால்பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. நடுநடுவே அகராதிப் பொருள் சொல்லும் கவிதைகள் வரும். அப்பாவின் நோயைப் பற்றிய மருத்துவத் தகவலை அலுப்பில்லாமல் உள்ளே கொண்டுவர அவருக்கு அது வாகான வழி. சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்' 2014இல் வெளியானது. பரதநாட்டியம் ஆடும் வேதா விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழக்கிறாள். தாளத்தில் வாழ்ந்த ஒரு பெண் தாளம் தப்பிப்போவதைச் சொல்ல உரைநடைக்கு விளக்கம் வேண்டும், வரிக்கு வேண்டாம்.

எழுதும்போது எது கெடுகிறது

நம் ஊர்ப் புதுக்கவிதைப் பழக்கம் ஒன்று இந்த வடிவத்தில் பெரிய கேடு செய்யும்: கடைசி வரி முத்தாய்ப்பு. தனிக் கவிதைக்கு அது அழகு. 150 கவிதையும் 'டக்' என்று கதவைச் சாத்தினால், அடுத்த கவிதைக்குப் போகப் படிப்பவருக்குக் காரணமே இருக்காது. பத்தில் இரண்டு மூன்று கவிதைகள் முத்தாய்ப்போடு முடியட்டும். மற்றவை கதவு பாதி திறந்தபடி, ஒரு கேள்வியிலோ பாதிச் செயலிலோ நிற்க வேண்டும். எழுதி முடித்த கையெழுத்துப் படியில் கடைசி இரண்டு வரியை எல்லாக் கவிதையிலும் மூடிவிட்டுப் படித்தால், எங்கெல்லாம் அவை தேவையே இல்லை என்பது பளிச்சென்று தெரியும். பாதிக் கவிதைகள் அப்போதே தேறிவிடும்.

இரண்டாவது கேடு, மற்ற மனிதர்கள் நிழலாகிவிடுவது. ஒரே வாய் பேசுவதால் அம்மா, நண்பன், வாத்தியார் எல்லோரும் அந்தப் பிள்ளையின் உணர்ச்சிக்குப் பின்னணி ஆகிவிடுவார்கள். அவர்கள் எழுதிய கடிதம், மளிகைச் சீட்டு, குரல் பதிவு, ஓயாமல் சொல்லும் ஒரு வசனம் என்று அவர்களுடைய சொல்லையே நேராகக் கொண்டுவந்து வைத்தால் உயிர் வரும். கண்ணை மூடிக்கொண்டு "இவர் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராத பாத்திரம் இன்னும் எழுதப்படாத பாத்திரம்.

உவமைகள் நாலா பக்கமும் பாய்வதும் உண்டு. கடல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், பறவை இன்னொரு பக்கம். பேசும் பிள்ளை அன்றாடம் தொடும் பொருள்களிலிருந்து ஒரே ஒரு களத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஹெஸ்ஸின் நூலில் எங்கு திரும்பினாலும் புழுதி: தட்டில், பாலில், பியானோ கட்டைகளில். அது உவமையாக வரவில்லை, வாழும் பொருளாக வருகிறது. அதனால்தான் அலுக்கவில்லை.

வேலை வரிசை என்று பார்த்தால், கவிதையிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் 40 கவிதையில் நின்றுபோகிறார்கள். கதையை முதலில் கணங்களாக எழுதிக்கொள்வது நல்லது, ஒரு கணத்துக்கு ஒரு வரி, சுமார் 50 கணம். அதில் படிப்பவரே ஊகித்துக்கொள்ளக்கூடிய 10, 15 கணங்களை அடித்துவிட வேண்டும். அடித்தவைதான் பிறகு வெள்ளை இடமாக வேலை செய்யும். மீதமுள்ள ஒவ்வொரு கணத்துக்கும் இரண்டு முதல் ஐந்து கவிதை. மொத்தம் 120 முதல் 180 கவிதை வரும், பக்கத்துக்கு 60 முதல் 100 சொல். முழு நாவலும் 15,000 முதல் 25,000 சொல்லுக்குள் முடிந்துவிடும். இதே கதையை உரைநடையில் எழுதினால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். நீளங்களையும் கலைத்துப் போட வேண்டும்: மூன்று பக்கக் கவிதைக்குப் பிறகு இரண்டு வரிக் கவிதை ஒன்று தனிப் பக்கத்தில் நின்றால், அந்தப் பக்கத்தில் கை தானாகத் தயங்கும். எல்லாம் ஒரு பக்க நீளம் என்றால் நாட்காட்டி கிழிப்பது போல ஆகிவிடும்.

பக்க வடிவமைப்பை அச்சகத்தின் தலையில் கட்டக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருந்தபோதுதான்' ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். ஐந்து சொல்லைத் தாண்டும் வரி போன் திரையில் மடங்கிவிடக்கூடும், எழுத்தாளர் முறிக்காத இடத்தில் வரி முறிந்து நிற்கும். மடங்கும் பகுதி அடுத்த வரியில் சற்று உள்தள்ளி வரும்படி மின்னூலில் அமைத்தால்தான் எது உண்மையான வரி, எது திரை முறித்த வரி என்று தெரியும். பக்கத்தில் இரண்டு பிரிவுகளாக அருகருகே ஓடும் வடிவங்களும் சித்திர வடிவங்களும் மின்னூலில் பெரும்பாலும் சிதறிவிடும். அப்படிப்பட்ட பக்கங்களைப் படமாக வைப்பதுதான் பாதுகாப்பு, பார்வையற்றவர்களுக்காக அதன் எழுத்து வடிவத்தையும் உடன் வைக்க வேண்டும்.

கடைசியாக, வாய்விட்டு வாசிக்கும் சோதனை. எழுதியவர் வாசிப்பதில் பயன் இல்லை, அவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். முன்பின் பார்க்காத இருவரிடம் தனித்தனியே கொடுத்து, அவர்கள் மூச்சு விடும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் இடறினால் அங்கே முறிவு தப்பு. இருவரும் வெவ்வேறு பொருளில் வாசித்தால், அது வேண்டுமென்றே செய்ததா என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள செருப்புக் கவிதையை வாசிக்கும் ஒருவர் "பொய் சொல்லிட்டா" என்பார். இன்னொருவர் "இல்லை, வாய்தான் திறந்தா" என்பார். அந்தக் கவிதைக்குள் இதைத் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த கவிதையின் தலைப்பு 'மூன்று தட்டு' என்று இருக்கட்டும்.